மாப்பிள்ளைக்கு ஒரு கரண்டி சுறா எண்ணெய்

திருகோணமலை,
21.11.1961

பெருமதிப்புக்குரிய திரு. டொமினிக் அவர்களின் சமுகத்திற்கு,

ஆண்டவரின் கிருபையால் இங்கே நானும் என் வீட்டாரும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அது பொய்யாகிவிடும் என்பதால் உயிரோடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தாங்களும், தங்கள் துணைவியார் புஸ்பராணி அம்மாவும், மகன் அல்போன்சும் மட்டக்களப்பில் ஒரு குறையுமில்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். முதலில் "அன்புள்ள சம்பந்தியார் அவர்களுக்கு" என்று தொடங்கிப் பாதிப் பக்கம் எழுதியும்விட்டேன். பிறகு, அப்படிக் கூப்பிட இனி எனக்கு என்ன உரிமை என்று நினைத்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இந்தத் தாளை எடுத்தேன். என் கையெழுத்தைக் கண்டதும் அடுப்பில் வைத்துவிடாமல், கோபத்தோடாவது கடைசிவரை வாசித்துவிட்டு, அதன் பிறகு அடுப்பில் வைக்கும்படி தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கு முந்திய ஞாயிறு, பெண் பார்க்க வந்த இடத்தில், தங்கள் குடும்பத்துக்கு என் வீட்டில் நேர்ந்த அவமானத்துக்கு நான் ஒருவனே காரணம். என் மனைவி ஐவிக்கோ மகள் எல்சிக்கோ அதில் எள்ளளவும் பங்கில்லை. என்னைக் கெட்ட மனிதன் என்று நினைக்க வேண்டாம். நான் விற்றமின் பிடித்த மனிதன். பேய் பிடித்தவனுக்கு மந்திரிக்கலாம், மது பிடித்தவனைச் சுவாமியாரிடம் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தியம் வாங்கலாம், விற்றமின் பிடித்தவனை ஒன்றும் செய்ய ஏலாது. வெள்ளைக்காரக் கடற்படை இங்கே இருந்த காலத்தில் நான் அவர்களுடைய உணவுக் களஞ்சியத்தில் ஸ்டோர்கீப்பர். கப்பலுக்குத் தேசிக்காய்ச் சாறு ஏற்றும்போது, எதற்கு இவ்வளவு புளி என்று ஒருநாள் ஒரு துரையிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் மாதக்கணக்காகக் கடலில் கிடந்த மாலுமிகளுக்குப் பல்முரசு வீங்கி இரத்தம் வடிந்து பற்கள் கொட்டுமாம், தேசிக்காயில் உள்ள விற்றமின் சீ உள்ளே போனால் நின்றுவிடுமாம். கேட்டதும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சத்து, அது இல்லாவிட்டால் பல் கொட்டும், இருந்தால் கொட்டாது! அன்று தொடக்கம் அந்தத் துரையை நான் விடவில்லை. அரிசித் தவிட்டில் பீ இருக்கிறது, முருங்கையிலையிலும் கரட்டிலும் பப்பாப்பழத்திலும் உள்ள ஒரு பொருள் உடம்புக்குள் போய் ஏ ஆக மாறுகிறது, மீன் ஈரல் எண்ணெயிலோ அந்த ஏ ஆயத்தமாகவே இருக்கிறது, அதுதான் கண்ணுக்கு ஒளி, என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் வேதபாடம் படிக்கும் பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பத்தேழில் கடற்படை போனது, துரை போனார், என் வேலையும் போனது. விற்றமின் மட்டும் போகாமல் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அதன் பிறகு ஐவி பட்டபாட்டை எழுதினால் தாங்களே இரங்குவீர்கள். தீட்டின வெள்ளை அரிசிக்கு வீட்டில் தடை. தவிடு போகாத சிவப்பரிசிதான் அடுப்பேறலாம். அதையும் ஐவி மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி ஊற்றுவாள். நான் குசினி வாசலில் நின்று, "ஐவி, பீ போகுது! பீ போகுது!" என்று கத்துவேன். பக்கத்து வீட்டுக் கமலேஸ்வரி ரீச்சர் இதை நாலு நாளாகக் கேட்டுவிட்டு, எனக்குக் கடுமையான வயிற்றோட்டம் என்று எண்ணி, மாதுளங்கோது அவித்த தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினா. பாவம், நல்ல மனுஷி. அவவுக்கும் நான் பிறகு செய்தது நன்மை என்று சொல்ல முடியாது. கிண்ணியாவிலிருந்து சந்தைக்கு மீன் கொண்டுவரும் ஸைனுலாப்தீன் என்று ஒருவர் எனக்கு நல்ல பழக்கம். அவர் சுறாவைக் கருவாட்டுக்குக் கீறும்போது ஈரலை அள்ளி ஒரு பக்கம் எறிவதைக் கண்டேன். "என்ன ஸைனுலாப்தீன் காக்கா, ஏயை எறியிறீங்கள்?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஈரலையா சொல்றீங்க? காகத்துக்குப் போடுறதுதானே. அள்ளிக்கிட்டுப் போங்க அண்ணன்" என்றார். அள்ளிக்கொண்டு வந்தேன். வாசல் படிக்குப் பக்கத்தில் கல் கூட்டி, ஐவியின் பெரிய தாச்சியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் உருக்கினால், எண்ணெய் மேலே பொன் நிறத்தில் மிதந்து வரும். துணியில் வடித்து சோடாப் போத்தல்களில் அடைத்தேன். வாசத்தைப் பற்றி நான் என்ன எழுத? தாங்கள் அனுபவித்தவர். ரீச்சர் யன்னல்களை மூடி ஈரச் சேலை தொங்கவிட்டா. எங்கள் தெருவில் இல்லாத பூனையெல்லாம் வந்து மதிலில் வரிசையாகக் குந்தியிருந்தன.

ஆனால் ஐயா, அந்த எண்ணெய் பொய்யில்லை. ரீச்சரின் வீட்டில் அவவின் தங்கச்சி மகள் ஒருத்தி வந்து நின்றாள். பொழுதுபட்டால் அந்தப் பிள்ளை இருந்த இடத்தை விட்டு அசையாது. எழும்பினால் சுவரில் முட்டும். மாலைக்கண். நான் கெஞ்சிக் கூத்தாடி ரீச்சரைச் சம்மதிக்கவைத்து அளவாக எண்ணெய் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை பொழுதுபடுகிற மம்மல் நேரத்தில் பூனைகளைத் துரத்திக்கொண்டு ஓடியது. ரீச்சர் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதா. அதோடு என் தலை வீங்கிவிட்டது. உள்ளபடியேயும் வீங்கியது, ஏனென்றால் பிள்ளைக்கு இவ்வளவு செய்தது எனக்கு எவ்வளவு செய்யும் என்று நான் வேளைக்கு வேளை பெரிய கரண்டியால் குடிக்கத் தொடங்கினேன். தலையிடி மண்டையைப் பிளந்தது, உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஆஸ்பத்திரி டொக்டர் என் கதையைக் கேட்டுவிட்டு, "ஏ கூடினாலும் நஞ்சுதான் காணும். உமக்கு வளவில முருங்கை நிக்குதெல்லோ? தேங்காய்ப்பால் விட்டுச் சமைச்சுத் தின்னும். கொழுப்போட போனால்தான் அந்தச் சத்து உடம்பில சேரும். உம்மட வயசுக்கு அது போதும். எண்ணெயை விடும்" என்று ஏசி அனுப்பினார். அந்த இடத்தில் நான் விட்டிருந்தால் இன்று இந்தக் கடிதம் இல்லை. நான் குடிப்பதை மட்டும் விட்டேன். உருக்குவதை விடவில்லை. எண்ணெய் போத்தல் போத்தலாகச் சேர்ந்தது, குடிப்பதற்கு ஆளில்லை, மாலைக்கண் உள்ள வேறு யாராவது கிடைப்பார்களா என்று நான் பொழுதுபடும் நேரங்களில் தெருவில் போகிறவர்களின் நடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நிலைமையில்தான் ஐயா, தாங்கள் குடும்பத்தோடு வந்தீர்கள். காலையில் தொடங்கின மழை. பின்னேரம், ஸ்டேசனிலிருந்து தங்களை ஏற்றிவந்த வான் வாசலில் நின்றபோது கரண்டும் நின்றுவிட்டது. ஐவி ஒரு கைலாம்பைக் கொளுத்திக்கொண்டு வந்தாள். அவள் விடியவே சொல்லியிருந்தாள்: "இஞ்சருங்கோ, ஆக்கள் வரமுன்னம் அந்தத் தாச்சியை வாசல்ல இருந்து எடுங்கோ." நான் எடுக்கவில்லை, சூடு ஆறட்டும் என்று விட்டிருந்தேன். தங்கள் மகன் வானால் இறங்கினார், வெள்ளைக் காற்சட்டை, நல்ல உயரம், எனக்கு மனம் நிறைந்துபோனது. இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியைத் தாச்சிக்குள் வைத்தார். சரி, இருட்டு, யாருக்கும் நடக்கலாம். உள்ளே வந்து, அலுமாரிக்குப் பக்கத்தில் கொளுவியிருந்த என் பழைய கோட்டைப் பார்த்து, "வணக்கம் மாமா" என்று கைகூப்பினார். நான் மற்றப் பக்கம் நின்றேன். கதிரையில் இருக்கப்போய்ப் பாதி இருந்து பாதி நழுவினார். ஐவி தேத்தண்ணி நீட்டினபோது கோப்பையை விட்டுவிட்டு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். எல்லாரும் சிரித்தீர்கள். புஸ்பராணி அம்மாவும், "பொடியன் வெக்கப்படுறான்" என்று சொன்னா. நான் சிரிக்கவில்லை. எனக்குள்ளே மணி அடித்துவிட்டது. குசினிக்குள் போய்ப் போத்தலையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து, சம்பந்தம் பேசிவிட்ட சுவாமியார் உட்பட இத்தனை பேர் இருக்கிற சபையில், மாப்பிள்ளைக்கு முன்னால் நின்றேன்.

"தம்பி, பொழுதுபட்டாக் கண் மங்கலாய் இருக்கிறதோ?" என்று கேட்டேன். அவருக்கு நெற்றியில் வேர்வை அரும்பியது. "வாயைத் திறவுங்கோ" என்றேன். தங்கள் மகன் எவ்வளவு மரியாதையான பிள்ளை என்றால், திறந்தார். ஒரு கரண்டி விட்டேன். விழுங்கினார்.

"என்ர பிள்ளைக்கு என்னத்தைப் பருக்கினீங்கள்?" என்று புஸ்பராணி அம்மா எழும்பினா.

"சுறா ஈரல் எண்ணெய் அம்மா. பயப்படாதேங்கோ. மாலைக்கண்ணுக்கு இதை விட்டா வேற மருந்தில்லை."

"மாலைக்கண்ணோ? இரவு ரெயில் ஓட்டுற பிள்ளைக்கு மாலைக்கண்ணோ? என்ன கதை கதைக்கிறீங்கள்?"

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். தாய்மனம் நோகுதே, ஆறுதல் சொல்லுவோம் என்று நினைத்துக்கொண்டு நான் சொன்னது இது: "ஒண்டும் யோசியாதேங்கோ அம்மா, இது சாப்பாட்டுக் குறை. வீட்டில பிள்ளைக்கு என்னதான் சமைச்சுக் குடுக்கிறனீங்கள்?" சுவாமியார் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். ஏன் மூடுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அதே நேரத்தில் அந்த எண்ணெயும் போன வழியால் திரும்பி வந்து, தங்கள் பட்டுச் சால்வையில் விழுந்தது. "எழும்பு புஸ்பம். இந்த வீட்டில பச்சத்தண்ணியும் குடிக்கப்படாது" என்று தாங்கள் சொன்ன சொல் இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. ஐவி விடியத் தொடங்கிச் சமைத்ததெல்லாம் மூடினபடி இருக்க, மழைக்குள் இறங்கிப் போனீர்கள்.

இனி எழுதப் போவதைத் தாங்கள் ஏற்கெனவே அறிவீர்கள், ஆனால் அது எப்படி நடந்தது என்பதை என் வாயால் சொல்ல வேண்டும். நான் குடையையும் எடுத்துக்கொண்டு ஸ்டேசனுக்கு ஓடிவந்தேன், காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்க. மேடையில் தங்கள் முகத்தைக் கண்டதும் கிட்ட வரத் துணிவில்லை. ஸ்டேசன் மாஸ்டர் இராசையா என் பழைய சிநேகிதன், அவனுடைய அறைக்குள் போய் நின்றேன். என் மனதில் அந்தப் பிள்ளையைப் பற்றிய பயம் மட்டும்தான் இருந்தது. "இராசையா, அந்தப் பொடியன் அல்போன்சுக்குப் பொழுதுபட்டாக் கண் தெரியாதுபோலக் கிடக்கு. இரவு எஞ்சினில ஏறேக்க ஒரு கண் வைச்சுக்கொள். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றேன். அவன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். "எட பாவி, இதை எனக்குச் சொன்னாப் பிறகு நான் எப்பிடிச் சும்மா இருக்கிறது? பின்னால எத்தனை சனம் நித்திரையில வருகுது!" என்றான். அவன் மேலிடத்துக்கு அறிவித்துவிட்டான். தங்கள் மகனை எஞ்சினால் இறக்கி, கண் சோதிக்கக் கொழும்புக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று நான் திரும்பவும் அவனிடம் ஓடினேன். நான் விசரன், எனக்கு ஒன்றும் தெரியாது, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதித் தருகிறேன் என்று அழுதேன். "இனி ஏலாது பஸ்தியான். சோதிச்சாத்தான் முடிவு" என்று சொல்லிவிட்டான். ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்கினது போதாதென்று அந்தப் பிள்ளையின் உத்தியோகத்திலும் கை வைத்துவிட்டேன் ஐயா. கோவிலில் கடைசி வாங்குப் பலகையில் இருந்துவிட்டு, பூசை முடியமுன் எழும்பி வந்துவிடுகிறேன்.

எல்சி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்தால் தாங்கலாம். கன்னியாஸ்திரிமாரின் பள்ளியில் தையல் படிப்பிக்கப் போகிறாள், வருகிறாள், எனக்கு முன்னால் சோற்றுக் கோப்பையை வைக்கிறாள், போகிறாள். அதில் வெள்ளைச் சோறும் பருப்பும். பச்சையாக ஒரு இலையும் இல்லை. நானும் கேட்பதில்லை. முந்தாநாள் மட்டும் ஒரு கதை கேட்டாள். "அப்பா, அவர் ஏன் தடக்கினவர் எண்டு ஒருக்கா எண்டாலும் யோசிச்சனீங்களோ?" என்றாள். நான் கோப்பையிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். "நான் யன்னலடியில நிண்டனான். அவர் என்ர பக்கம் பாத்துக்கொண்டு வந்தவர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐவிதான் பிறகு எனக்கு விளக்கினாள். "பொம்பிளை பாக்க வந்த பொடியனுக்குக் கண் நிலத்திலயோ இருக்கும்? என்னைப் பாக்க வந்த அண்டைக்கு, கை கழுவ வைச்ச செம்புத் தண்ணியை எடுத்துக் குடிச்சனீங்கள். ஆரும் உங்களுக்கு எண்ணெய் பருக்கினவையோ?" என்று கேட்டாள். ஐயா, அது உண்மை. குடித்தேன். ஐவியின் தகப்பனார் அதைக் கண்டும் காணாததுபோல மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மனுஷனுக்கு ஏ, பீ, சீ ஒன்றும் தெரியாது. அவர் அன்று திரும்பிக்கொண்டதால்தான் எனக்கு ஒரு குடும்பம் அமைந்தது. என் மகளைப் பார்த்துத் தடக்கின பிள்ளைக்கு நானோ சபை நடுவில் வியாதிப் பெயர் வைத்தேன்.

இருந்த எண்ணெய் முழுவதையும் ஸைனுலாப்தீனிடம் கொடுத்துவிட்டேன். அவர் தன் வள்ளத்துக்குப் பூசப் போகிறாராம், மரம் உக்காதாம். தாச்சியை மண் போட்டுத் தேய்த்து ஐவியின் கையில் கொடுத்தேன். அவள் அதை வாங்கி வெளியே வைத்தாள். எங்கள் பிள்ளைக்குத் தங்கள் மகனைப் பிடித்திருக்கிறது. அவள் வாய் திறந்து சொல்லவில்லை, அன்று உடுத்த நீலச் சேலையை இன்னும் பெட்டிக்குள் வைக்காமல் கொடியில் மடித்துப் போட்டிருக்கிறாள், அதை வைத்துத்தான் சொல்கிறேன். என்னைத் தண்டியுங்கள். கலியாணத்துக்கு நான் வரக்கூடாது என்றால், கோவில் வளவுக்கு வெளியே நின்று மணிச்சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போகிறேன். புஸ்பராணி அம்மாவின் சமையலைப் பற்றி நான் கேட்ட கேள்வியை, ஒரு மூடன் ஏதோ உளறினான் என்று எண்ணி அவ மறக்க வேண்டும். அல்போன்சின் கண்ணில் ஒரு குறையும் இல்லை, குறை முழுக்க என் கண்ணில் என்று எந்த மேலதிகாரிக்கு முன்னாலும் நான் சத்தியம் பண்ண ஆயத்தம்.

மாதாவின் பாதுகாவல் தங்கள் வீட்டின் நாலு மூலையிலும் நிற்கட்டும். மகனின் கையிலும் கண்ணிலும் ஆண்டவரின் ஆசீர் இறங்கட்டும். ஐவி, அம்மாவுக்குத் தன் தனிப்பட்ட அன்பைச் சொல்லச் சொன்னாள். எல்சி ஒன்றும் சொல்லவில்லை.

தங்கள் மன்னிப்புக்காகக் காத்திருக்கும்,
பஸ்தியாம்பிள்ளை

பிற்குறிப்பு: மேலே உள்ளதை வாசித்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து மறந்துவிடுங்கள். நேற்று எழுதி ஒட்டி வைத்ததை இன்று காலை தபாலில் போடப் புறப்பட்டேன். கொழும்பு மெயிலால் இறங்கித் தோல் பையோடு தங்கள் மகன் என் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "மாமா, நீங்கள் சொன்னது சரி" என்றார். கொழும்பில் இருட்டறைக்குள் வைத்துச் சோதித்தார்களாம். மாலைக்கண்தானாம். ஒரு வருசமாக அவருக்கே தெரியுமாம், உத்தியோகம் போய்விடும் என்ற பயத்தில் வீட்டுக்கும் சொல்லவில்லையாம், பொழுதுபட்ட பிறகு பக்கத்தில் நிற்கிற பயர்மன்தான் சிக்னல் நிறத்தை வாயால் சொல்லிக்கொண்டு வந்தானாம். "நீங்கள் கரண்டியோட வந்து கேக்கேக்க, பிடிபட்டுப்போனன் எண்டு நெஞ்சு நிண்டு போச்சு. அதாலதான் மாமா வாயைத் திறந்தனான்" என்றார். எனக்குச் சந்தோசம் வரவில்லை ஐயா. நான் சொன்னது பிழையாக இருந்திருக்கலாமே என்றுதான் இருந்தது. அம்மாவின் சமையலில் ஒரு குற்றமும் இல்லை என்று டொக்டர் சொன்னாராம், அதை அம்மாவுக்கு முதல் வேலையாகச் சொல்லுங்கள். வீட்டில் நிற்பதே இல்லாமல் டிரைவர்மார் தங்கும் விடுதிகளில் வெறும் பாணும் பால் விடாத பிளேன்ரீயுமாகக் கிடந்ததால் வந்தது, மருந்து எடுத்து ஒழுங்காகச் சாப்பிட்டால் மாறும், மாறின பிறகு திரும்பவும் எஞ்சினில் ஏறலாம், அதுவரை பகல் வேலை. டொக்டர் எழுதிக் கொடுத்தது மீன் ஈரல் எண்ணெய்தான், ஆனால் குளிகையாக.

இதைச் சொல்ல மட்டும் என்றால், மட்டக்களப்புக்குப் போகாமல் இங்கே வந்திருக்கத் தேவையில்லை. பையைப் படியில் வைத்துவிட்டு, "மாமா, அண்டைக்கு எல்சியை நான் காணேல்லை. யன்னல் பக்கம் நீலமாய் ஏதோ அசைஞ்சது, அவ்வளவுதான். பகல் வெளிச்சத்தில ஒருக்காப் பாத்திட்டுப் போகலாமெண்டு வந்தனான்" என்றார். ஐவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். தன்னைப் பார்த்துத் தடக்கினார் என்று இவ்வளவு நாளும் நம்பியிருந்த பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கோபத்தில் வெளியே வரவே மாட்டாள் என்று நினைத்தேன். கதவு திறந்தது. எல்சி எங்கள் ஒருவரையும் பார்க்காமல் படியால் இறங்கி, மழை விட்ட முற்றத்தில் வெயில் விழுந்திருந்த இடமாகப் பார்த்துப் போய் நின்றாள்.

"இதில நிண்டாக் காணுமோ?" என்று கேட்டாள்.

"காணும்" என்றார் தங்கள் மகன்.